சஹனில் எண்ணிய நகங்கள்

யாராவது என்னோடு கதைக்கும்போது நான் அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதில்லை, நகத்தைத்தான் பார்க்கிறேன். பஸ் நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துத் தரும்போது அவர் பெருவிரலில் ஒரு குழி தெரிந்ததால் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவன் நான். இந்தக் கெட்ட பழக்கத்தால் ஒரு கலியாண வீட்டில் நான் செய்த காரியத்தை, எனக்கு முன்னால் மற்றவர்கள் சொல்லிவிடுவதால், நானே எழுதிவிடுகிறேன்.

கொழும்பில் தோல் நோய்ப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த வருடம் அது. வாப்பா கல்முனையில் மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதனால் படித்தது ஒன்றும் வீணாகிவிடக் கூடாது என்ற கவலை எனக்கு எப்போதும் இருந்தது. புதிதாக ஏதாவது படித்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். (பெரும்பாலும் உம்மாவிடம். அவர் ஓம் ஓம் என்று மீன் வெட்டிக்கொண்டிருப்பார்.)

என்னுடைய முதல் ஆராய்ச்சி சொரியாசிஸ் பற்றியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தத் தோலையே எதிரியென்று நினைத்துத் தாக்குகிற நோய் அது. தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும். சிலருக்கு நகத்திலும் வரும். தையல்காரர் விரலில் மாட்டும் உறையைப்போல் நகமெங்கும் ஊசிமுனைக் குழிகள் விழும். நகத்தில் வந்தவர்களுக்கு விரல் மூட்டுகளும் கெட்டுப்போகும் வாய்ப்புக் கூடுதல். அப்படியானால், நகத்தைப் பார்த்தே மூட்டை முன்கூட்டிக் காப்பாற்ற முடியுமா? இந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்டியது. ஒரு மனிதனின் உடம்பு தன்னோடு தானே போடும் சண்டைக்கான தடயம் விரல் நுனியில் கிடக்கிறது என்பது எனக்குத் துப்பறியும் கதைபோல இருந்தது. சட்டைப் பையில் ஒரு சிறிய உருப்பெருக்கியோடு திரிந்தேன்.

அப்போதுதான் மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாமா என்றால் உம்மாவின் தம்பி. பெண் அக்கரைப்பற்றில் ஆசிரியை, பெயர் சிஹானா. மூன்று பெண்பிள்ளைகளில் மூத்தவள். அவளுடைய வாப்பா நெல் வியாபாரி, ஊரில் ஹாஜியார் என்றால் போதும். அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில் எங்களை ஒரே சஹனில், அதாவது ஆறு பேர் சேர்ந்து கைபோட்டுச் சாப்பிடும் பெரிய தட்டைச் சுற்றி அமர்த்தி, மாப்பிள்ளையை அவர் சாப்பாட்டில் வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு.

காரைதீவைத் தாண்டும்வரை பஸ்ஸில் மாமா எனக்கு வகுப்பெடுத்தார். ஹாஜியார் கொஞ்சம் பெருமைக்காரராம். எந்தக் கலியாணத்திலும் மற்றவர்களோடு சஹனில் இருக்கமாட்டாராம். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய் என்று சொல்லித் தனிச் சாப்பாட்டுக் கோப்பையில்தான் சாப்பிடுவாராம். இன்றைக்கு எனக்காகச் சஹனில் இருக்கச் சம்மதித்திருப்பது லேசுப்பட்ட மதிப்பல்ல.

“நீ ஒண்டும் கதைக்கத் தேவல்ல மருமகன்,” என்றார் மாமா. “கேட்டாப் பதில் சொல்லு. மத்த நேரம் சோத்தப் பாரு.”

நான் சோற்றைத்தான் பார்த்தேன். அதில்தான் வினை.

பாயில் ஆறு பேர் வட்டமாக இருந்தோம். நான், வாப்பா, மாமா, எனக்கு நேரெதிரே ஹாஜியார், அவருடைய தெருக்காரர் இருவர். கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். நடுவில் பெரிய சஹன் வந்தது: நெய்ச்சோறு, மேலே இறைச்சி, கோழி, கத்தரிக்காய். பிஸ்மி சொல்லி ஆறு கைகள் உள்ளே போயின. ஹாஜியாரின் கை கடைசியாக, தயங்கித் தயங்கி வந்தது.

ஐந்து நகங்கள். ஐந்திலும் குழி. சுட்டுவிரல் நகத்தின் கீழே ஓர் எண்ணெய்ச் சொட்டு விழுந்தது போன்ற மஞ்சள் கறை. (பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவான படம் கிடையாது.) நடுவிரலின் நுனி மூட்டு வீங்கியிருந்தது.

கொழும்பில் ஒருவருடைய நகத்தை நான் தொடுவதற்கு முன் இரண்டு பக்க ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குவேன். சஹனில் படிவம் இல்லை. சோறு ஒட்டிய வலக்கையால் அவருடைய கையைப் பிடித்தேன். இடக்கையால் உருப்பெருக்கியை எடுத்தேன். சுட்டுவிரலில் மட்டும் பதினேழு குழிகள். வாய்விட்டு எண்ணினேன் என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு நினைவில்லை, ஆனால் மறுக்கவும் தைரியமில்லை.

“ஹாஜியார், இது சொரியாசிஸ்,” என்றேன். என் குரலில் மகிழ்ச்சி இருந்தது. அதுதான் மன்னிக்க முடியாத பகுதி.

வலப்பக்கத்துத் தெருக்காரரின் கை பாதி வழியில் நின்றது. “அதெண்டா என்ன? குட்டமா?”

குட்டம் என்பது தொழுநோய். அந்தச் சொல் விழுந்ததும் பக்கத்துச் சஹனிலும் பேச்சு நின்றது. நான் பதறிப்போய் விளக்கத் தொடங்கினேன். குட்டமே இல்லை, கிருமியே இல்லை, தொட்டாலும் ஒன்றாகச் சாப்பிட்டாலும் ஒட்டவே ஒட்டாது, உடம்பின் காவற்காரர்கள் ஆள் தெரியாமல் சொந்த வீட்டுக்காரரையே அடிக்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரைகுறையாகச் சொல்வது அறிவியலுக்குச் செய்யும் துரோகம் என்று எனக்கொரு எண்ணம்.

“பரம்பரையில மட்டும் கொஞ்சம் வரலாம்,” என்று முழுமைப்படுத்தினேன்.

மூன்று பெண்பிள்ளைகளின் வாப்பா முன்னால், ஊர் கூடியிருக்கும் கலியாண வீட்டில்.

ஹாஜியார் கையை இழுத்து, உடுத்திருந்த சாரத்தின் மடிப்புக்குள் மறைத்தார். அந்த அசைவில் இருந்த பழக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது: அவருக்குச் சீனியும் இல்லை, பெருமையும் இல்லை. எத்தனையோ வருடமாக இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் தனிக் கோப்பையில் சாப்பிட்டிருக்கிறார். மகளுக்காக ஒரு நாள் துணிந்து கையை வெளியே எடுத்தார். அதைத்தான் நான் பிடித்தேன்.

தெருக்காரர் இருவரும் வயிறு நிறைந்துவிட்டது என்று எழும்பினார்கள். (மூன்று பிடிதான் சாப்பிட்டிருந்தார்கள்.) மாமா யாரோ கூப்பிடுவதுபோல் பாவனை செய்து எழும்பினார். வாப்பா மட்டும் எழும்பவில்லை. நோயைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் கிடையாது. இறைச்சியைப் பற்றி இருந்தது.

ஹாஜியாரும் எழும்பப் பார்த்தார். அவர் இப்படியே எழும்பிப் போனால் இனி எந்தச் சஹனிலும் உட்காரமாட்டார், அந்த வீட்டு வாசலுக்கு எந்தச் சம்பந்தமும் வராது. என் தலைக்குள் இருந்த அத்தனை புத்தகத்திலும் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அவருக்கு முன்னாலிருந்த சோற்றில், அவர் விரல் பட்ட இடத்திலேயே கையைப் போட்டு, ஒரு பெரிய பிடி எடுத்து வாயில் வைத்தேன்.

“இருங்க ஹாஜியார்,” என்றேன், வாய் நிறையச் சோற்றோடு. “சஹன் முடியல்ல.”

அவர் மறுபடி சம்மணமிட்டு உட்கார்ந்தார். பிறகு சாரத்துக்குள்ளிருந்து கையை எடுத்து, ஒரு துண்டு இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் வைத்தார். சஹனில் பக்கத்திலிருப்பவருக்கு இறைச்சி பிய்த்து வைப்பது எங்கள் மரியாதை. ஆனால் அவர் பிய்த்த விதத்தில் மரியாதையைவிடப் பரீட்சைதான் கூடுதலாக இருந்தது. ஐந்து நகமும் நன்றாகப் படும்படி பிய்த்தார்.

சாப்பிட்டேன். இன்னொன்று வந்தது. அதையும் சாப்பிட்டேன். கோழிக் கால் வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஆறு பேருடைய சஹனை மூன்று பேர் சாப்பிட்டோம். வாப்பா உண்மையில் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டார், ஹாஜியார் பழிவாங்கலாகப் பரிமாறினார், நான் பிராயச்சித்தமாக விழுங்கினேன். கடைசி இனிப்பாக வட்டிலப்பம் வந்தபோது எனக்குக் கண் இருட்டியது.

அப்போது ஹாஜியார் குனிந்து, முதன்முறையாக என்னிடம் கேட்டார்:

“விடியப்புறம் விரல் மடங்குதில்ல மகன். நெல்லு மூட்டைக்குள்ள கையப் போட்டா மணியப் பிடிக்க ஏலாது. அதுவும் இதுதானா?”

வயிற்று வலியை மறந்து மீண்டும் கையைப் பிடித்தேன். (இம்முறை கேட்டுவிட்டு.) ஓம், பெரும்பாலும் இதுதான், ஆனால் பரிசோதிக்க வேண்டும், காலம் தாழ்த்தினால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும், மருந்து இருக்கிறது என்றேன். இத்தனை வருடமும் பூஞ்சணம் என்று நினைத்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசியிருக்கிறார். ஒருவரிடமும் காட்டியதில்லை.

தின்றது தாங்காமல் அன்றிரவு பஸ் ஏறுமுன்பே நான் வாந்தியெடுத்தேன். மறுநாள் காலை அக்கரைப்பற்று முழுக்கச் செய்தி: ஹாஜியாரின் சஹனில் சாப்பிட்ட டொக்டருக்கே வருத்தம் வந்துவிட்டதாம். மாமா சம்பந்தத்தை முறித்துவிட்டதாக அறிவித்தார். பரம்பரை என்று நானே சொன்னேனாம். வேறு சாட்சி எதற்கு?

உம்மா மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “உண்மையச் சொல்லு. நாளைக்குப் புள்ளைகளுக்கு வருமா?”

“வரலாம் உம்மா. வராமலும் விடலாம். வராம விடத்தான் வாய்ப்புக் கூட.”

“உன்ட வாப்பாட குறட்டை உனக்கு வந்திருக்கு. அதுக்காக நான் அவர வேணாமெண்டா சொன்னன்?” என்றார் உம்மா. மாமாவின் முறிவு அத்தோடு முறிந்தது.

ஆனால் ஹாஜியார் வீட்டில் என்ன முடிவு என்று தெரியவில்லை. ஒரு கிழமை கழித்து என் கைப்பேசிக்குப் புதிய எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. பெண்ணின் படம் வராதா என்று மற்ற மாப்பிள்ளைகள் காத்திருப்பார்கள். எனக்கு வந்தது பத்து விரல் நகங்களின் படம். கீழே ஒரு வரி: “நான் சிஹானா. வாப்பாட வருத்தம் எனக்கும் இருக்கா எண்டு பார்த்துச் சொல்லுங்க.”

படத்தைப் பெரிதாக்கி ஒன்றரை மணித்தியாலம் ஆராய்ந்தேன். எண் போட்டு அறிக்கை எழுதினேன். பத்து நகங்களும் ஆரோக்கியம். இடது பெருவிரலில் பழைய காயத்தின் கோடு, கதவில் நசுங்கியிருக்கலாம். இனி வராது என்று உறுதி சொல்ல முடியாது, வந்தால் கவனிக்கலாம்.

பதில் வந்தது: “கதவுதான். பொய் சொல்லாம எழுதியிருக்கிறீங்க. முகத்துக்கும் ஒரு ரிப்போட் தேவையெண்டா வாப்பாவக் கேட்டு வாங்க.”

போனேன். கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன்.

என் ஆராய்ச்சியை மேற்பார்வை செய்த பேராசிரியை இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. ஒரு நோயாளியின் இரகசியத்தைச் சபையில் உடைத்தவன் என்று அரை மணித்தியாலம் ஏசினார். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார், வெளியே கேட்டது. இப்போது நான் தோல் மருத்துவன். நகத்துக்கும் மூட்டுக்கும் நடுவிலான அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. அதைத் தேடித்தான் என் நாட்கள் போகின்றன.

இப்போது என் மாமனாராகிவிட்ட ஹாஜியாருக்கு மருந்து பிடித்துவிட்டது. விரல்கள் மடங்குகின்றன, நகங்கள் பாதி தெளிந்திருக்கின்றன. தனிக் கோப்பையை விட்டுவிட்டார். இப்போதெல்லாம் கலியாண வீடுகளில் சஹனுக்கு முன்னால் அமர்ந்ததும் வலக்கையை எல்லோரும் பார்க்க விரித்துக் காட்டுவார்.

“இது சொரியாசிஸ். ஒட்டாது, மருமகன் திண்டு பாத்தவரு. பயமெண்டா எழும்புங்க, இறைச்சிய நாங்க பாத்துக்கொள்றம்.”

ஆரம்பத்தில் ஓரிருவர் எழும்பினார்கள். அந்த நாட்களில் அவருக்கும் வாப்பாவுக்கும் நல்ல வேட்டை. இப்போது ஒருவரும் எழும்புவதில்லை. இருவரும் அதற்கு என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.