எட்டு ரூபாய்ப் பாலிசியும் ஒரு சாய்வு நாற்காலியும்

ஐம்பத்தைந்து வயசு முடிந்த மறுநாள் ஸ்டீரிங்கைத் தொட்டால் என் பேர் மைக்கேல்ராஜ் இல்லை!

இந்தச் சபதத்தை நான் 1930-ஆம் வருஷம், பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் டாக்ஸி ஸ்டாண்டில், ஒன்பது டிரைவர்கள் முன்னிலையில் செய்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஓஸ்வால்ட் மட்டும், "உன் சம்சாரத்த கேட்டியா?" என்றான். அவனுக்கு எப்பவும் அபசகுன வாய்.

யோசித்துப் பாருங்கள். தபால்காரனுக்குப் பென்ஷன் உண்டு. பட்டாளத்துக்காரனுக்கு உண்டு. ஆபீஸ் வாசலில் தூங்குகிற பியூனுக்கு உண்டு. டாக்ஸிக்காரனுக்கு என்ன உண்டு? இடுப்பு வலி. போளூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அங்கே நிலமும் இல்லை, இங்கே கவர்மென்ட் உத்தியோகமும் இல்லை. கை ஓய்ந்தால் வாயும் ஓய வேண்டியதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த வருஷம் வண்டிக்கு ஆக்ஸில் உடைந்து, பதினைந்து நாள் வீட்டில் இருந்தேன். ஆஹா, அதல்லவா வாழ்க்கை!

பிளாக்பள்ளியில் எங்கள் வீடு. என் மனைவி கேத்தரின் அங்கேயே மிஷின் போட்டு, துரைமார் குழந்தைகளுக்குக் கவுன் தைக்கிறாள். ஒத்தாசைக்கு இரண்டு பெண்கள். எல்லாம் இருந்தது, ஒழுங்குதான் இல்லை. நான் ஏற்படுத்தினேன். ரசம் கொதிக்கும்போதே மூடியைத் திறந்து உப்பு சொன்னேன். தையல் மிஷினை எந்தக் காலால் மிதிக்கவேண்டும் என்று அந்தப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். பொத்தானுக்கு எதற்கு இத்தனை டப்பா என்று எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினேன். கீரைக்காரியிடம் கட்டைப் பிரித்து எண்ணினேன். அவள் அப்புறம் எங்கள் தெருவுக்கே வரவில்லை. அவ்வளவு பயம்!

பதினாறாம் நாள் புது ஆக்ஸில் வந்தது. கேத்தரின் அழுதேவிட்டாள். நேரே கோயிலுக்கு ஓடி மாதாவுக்கு இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். வண்டி மேல் அவளுக்கு அத்தனை பாசம்.

அன்று சாப்பிடும்போது சபதத்தைச் சொன்னேன்.

"கேத்தரின், அம்பத்தஞ்சு வயசுக்கு மேல நான் வீட்லதான். நாள் பூரா உன்கூட."

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"நாள் பூராவா?"

"நாள் பூரா."

"தெனமுமா?"

"தெனமும்தான். தையலு, சமையலு எல்லாத்தையும் நானே பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்."

"மாதாவே!" என்றாள். பாவம், சந்தோஷம் தாங்கவில்லை.

பணத்துக்கு வழி? அதற்கும் ஆள் கிடைத்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சீனிவாசராகவன். பசவனகுடியிலிருந்து வாரம் இரண்டு தடவை என் வண்டியில்தான் வருவார். ஒரு நாள் பின்சீட்டிலிருந்து கேட்டார்.

"ஓய், உமக்கு என்ன வயசு?"

"நாப்பத்திரண்டு சார்."

"அம்பத்தஞ்சுல ரெண்டாயிரம் கையில வாங்கணும்னா மாசம் பதிமூணு ரூபாய் கட்டணும்."

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த ஜட்காக்காரன் கன்னடத்தில் என் பரம்பரையையே விசாரித்தான். மாதம் பதிமூன்று ரூபாயா! ஆனாலும் சபதம் சபதம்தான். கஞ்சி குடித்தாவது கட்டுவேன் என்று தீர்மானித்தேன்.

"வயசுக்கு ரிகார்டு வேணும்" என்றார் சீனிவாசராகவன்.

ரிகார்டுக்கு எங்கே போக? போளூர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்கு வெள்ளம் வந்த வருஷம், மாடு செத்த வருஷம் என்றுதான் கணக்கு. கேத்தரின்தான் சொன்னாள்.

"ஞானஸ்நானச் சீட்டு இருக்குதே! நீங்க சவாரிக்குப் போங்க. நான் கோயில் சாமியார் கிட்ட வாங்கியாறேன்."

வாங்கியும் வந்தாள். மறுநாள் சீனிவாசராகவன் வீட்டுக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் படித்தார். பிறந்த தேதி என்ற இடம் காலி. ஞானஸ்நானம் பெற்ற வருஷம் 1896.

"பேஷ்! உமக்கு முப்பத்திநாலுதானேய்யா! நாற்பத்திரண்டுன்னு எவன் சொன்னான்?"

"சார், அது வந்து..."

"உங்களவாளுக்குக் கொழந்தை பொறந்த கையோட தீர்த்தம் தெளிச்சுடுவாளே! எனக்குத் தெரியாதா?"

பொதுவாக அப்படித்தான். ஆனால் எங்கள் அப்பா பெங்களூருக்கு வந்த பிறகுதான் குடும்பத்தோடு கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தார். அப்போது எனக்கு எட்டு வயசு. நன்றாக ஞாபகம் இருக்கிறது. தலையில் தண்ணீர் பட்டதும் எழுந்து ஓடினேன். உபதேசியார் துரத்திப் பிடித்து வந்தார். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கேத்தரின் என் கால் கட்டைவிரலை மிதித்தாள்.

"அவருக்குக் கணக்கு வராது சார். நீங்க சீட்டுல இருக்கிறதையே எழுதுங்க."

"அப்போ ரெண்டு வழி இருக்கு. பதிமூணு வருஷத்துல பணம் வேணும்னா மாசம் பதிமூணு ரூபாய். அம்பத்தஞ்சு வயசுல வேணும்னா மாசம் எட்டே ரூபாய்."

என் மூளை விறுவிறுவென்று ஓடியது. நாற்பத்திரண்டும் பதிமூன்றும் ஐம்பத்தைந்து. இரண்டும் ஒன்றுதானே! ஒரே சரக்கை ஒரு கடையில் பதிமூன்றுக்கும் எட்டுக்கும் விற்கிறான் என்றால் கம்பெனிக்காரன் எப்பேர்ப்பட்ட முட்டாள்! சிரிப்பை அடக்க முடியாமல் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"அம்பத்தஞ்சுன்னே எழுதுங்க சார்" என்றாள் கேத்தரின். "எப்பப் பாத்தாலும் அவரு வாயில அதுதானே வருது!"

கையெழுத்துப் போட்டேன். அவர் போனதும் வீட்டுக்குள் ஒரு சுற்று ஆடினேன்.

"பாத்தியா? மாசம் அஞ்சு ரூபா லாபம்! கம்பெனியவே ஏமாத்திட்டான் உன் புருஷன்!"

"உங்கள மாதிரி யாருக்கு வரும்!" என்றாள் கேத்தரின்.

அதற்குப்பின் ஒரு மாதம் தவறவில்லை. சவாரி இல்லாத மாதங்களில்கூட கேத்தரின் தையல் காசைப் போட்டு எட்டு ரூபாயைக் கட்டிவிடுவாள். என்னைவிட அவளுக்குத்தான் அந்தப் பாலிசி மேல் அக்கறை. இங்கிலீஷில் இருந்த பத்திரத்தை ஒரு தடவை எனக்குப் படித்துக்கூடக் காட்டினாள். "ஐம்பத்தைந்து" என்று தெளிவாக இருந்தது.

1943 வந்தது. யுத்தம். பெட்ரோலுக்கு ரேஷன். என் வண்டிக்குப் பின்னால் கரியடுப்பு ஒன்றைக் கட்டி, புகையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். டிரைவரா, கொல்லனா என்று எனக்கே சந்தேகம். ஆனால் கவலை இல்லை. சித்திரையோடு எனக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. சொன்ன சொல் தவறாதவன் நான்!

ஸ்டாண்டில் விருந்து. கேக், டீ, ரோஜா மாலை. ஆளுக்குக் காசு போட்டு ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். கோடு போட்ட துணி, தேக்குச் சட்டம். ஓஸ்வால்ட் பேசும்போது, "நம்ம டிரைவர் ஜாதியில பென்ஷன் வாங்கின மொத ராஜா இவன்தான்" என்றான். நாற்காலியை வீட்டில் இறக்கிவிட்டு, கழுத்து மாலையோடு நேரே இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன்.

சீனிவாசராகவனுக்குத் தலை நரைத்திருந்தது. பத்திரத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"என்னய்யா, எட்டு வருஷம் முன்னாலேயே வந்துட்டீர்?"

"எட்டு வருஷமா? சார், எனக்கு அம்பத்தஞ்சு முடிஞ்சாச்சு!"

"யார் சொன்னா? உமக்கு நாற்பத்தேழுதான். 1951-ல வாரும்."

"அய்யோ சார், அந்தச் சீட்டு தப்பு. எனக்கு ஞானஸ்நானமே எட்டு வயசுலதான்!"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஓய், மெதுவாப் பேசும். வயசைக் கொறைச்சுச் சொன்னீர்னு தெரிஞ்சா பாலிசியே செல்லாதுன்னுடுவா. சீட்டு தப்புன்னு எழுதித் தரீரா?"

நான் மாலையைக் கழற்றினேன்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வண்டிதான் வழி தெரிந்து வந்திருக்கவேண்டும். உள்ளே தையல் மிஷின் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது. என் சாய்வு நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி உட்கார்ந்து, கவுனுக்கு லேஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் என் மத்தியானச் சாப்பாட்டுக் கேரியர் தயாராக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"கேத்தரின்! உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எதுங்க?"

"எட்டு வருஷம்!"

"தெரியாம என்ன? பொறந்த தேதி போடாத சீட்டுக்காகத்தானே மூணு நாளு சாமியார் வீட்டுக்கு நடந்தேன்!"

"அடிப்பாவி! ஏன் சொல்லல?"

அவள் பல்லில் நூலைக் கடித்து அறுத்தாள். அலமாரியைக் காட்டினாள். பதினோரு பொத்தான் டப்பா, கலர் கலராக, வரிசையாக இருந்தது.

"அத பிரிக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். ஒரு ஆண்பிள்ளை பேசவேண்டிய இடம் இது.

"பணம் வந்தா வருது, வராட்டிப் போகுது! சபதம் சபதம்தான்! இன்னையிலேர்ந்து நான் வீட்லதான் இருப்பேன்!"

கேத்தரின் கேரியரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நாப்பத்தேழு வயசு ஆம்பள பட்டப்பகல்ல வீட்ல உக்காந்திருந்தா கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? போங்க, கரி அணையுது."