இந்த விலைக்கு இது தாராளம்

பொருள் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே இனம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். வாங்கினோம், பயன்படுத்தினோம், பழுதானால் திட்டினோம் என்று இருக்கிற சாதுக் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இன்னொரு இனம் இருக்கிறது. ஒரு பொருளை வாங்கிய நிமிஷத்திலிருந்து அதற்கு வக்கீலாகி, தரகராகி, சம்பளம் வாங்காத விற்பனைப் பிரதிநிதியாகி, வீட்டுக்கு வந்தவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், முடிவெட்டும் கடையில் பதில் பேச வழியில்லாமல் தலையைக் குனிந்திருப்பவர் என்று ஒருவர் விடாமல் பிடித்து, ‘நீங்களும் இதையே வாங்கிடுங்க’ என்று சொல்லி முடித்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு செரிக்கும் இனம். இதற்கு அபிப்பிராயசாலி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நாம் பார்க்கப்போகிற அபிப்பிராயசாலி ஒரு காப்பீட்டு ஆபீஸில் சேதம் மதிப்பிடுகிறவர். ‘என் வண்டி மரத்தில் மோதிவிட்டது’ என்று யாராவது வந்து நின்றால், மரத்தைக் காட்டு என்பார். மரத்தைக் காட்டினால், மரத்தில் கீறல் எங்கே என்பார். கீறலையும் காட்டிவிட்டால், இது பழைய கீறல் மாதிரி இருக்கிறதே என்பார். இப்படி யார் பேச்சையும் நம்பாத மனிதர், ஒரு நாள் மதிய இடைவேளையில், முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் ‘அற்புதம்! வசனம் கணீரென்று கேட்கிறது. இந்த விலைக்கு இது தாராளம்’ என்று எழுதியிருந்ததைப் படித்தார். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஒரு ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் செட்டை வாங்கிவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மனைவியின் அண்ணன் வீட்டில் இருப்பது விலை உயர்ந்த செட். அதில் கால்வாசி விலைக்கு ஒன்றை வாங்கி, ‘உங்களோடதுக்கு இது எந்த விதத்துல குறைச்சல், சொல்லுங்க மச்சான்’ என்று கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது எந்தச் சங்கீதத்தில் கிடைக்கும்?

பெட்டி வந்தது. தெர்மாகோலை உருவுவதற்கு முன்பே ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டார். உள்ளே ஐந்து குட்டிப் பெட்டிகளும் தரையில் வைக்க ஒரு குண்டுப் பெட்டியும் இருந்தன. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று மாட்டினார். பின்னால் மாட்டியதில் ஒன்று புத்தக அலமாரி மேலும் இன்னொன்று மனைவியின் தையல் மிஷின் மேலும் ஏறி உட்கார்ந்தன. அன்றோடு தையல் நின்றது. ஒயர்கள் விரிப்புக்கு அடியில் ஓடியதால் விரிப்பின் மேல் யாரும் நடக்கக் கூடாது. குண்டுப் பெட்டி மூலையில் இருந்தால்தான் முழங்கும் என்று படித்ததால் மூலையிலிருந்த பீரோ நடு வீட்டுக்கு வந்தது. காலி அட்டைப்பெட்டி, ‘வாரண்டிக்கு வேணும்’ என்று கட்டில் அடியில் குடியேறியது. எல்லாம் முடிந்து பார்த்தால், ஆறு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அறையில் இப்போது ஒருவர்தான் உட்காரலாம். அதுவும் ஒரே ஒரு நாற்காலியில், தலையை ஆட்டாமல்.

அந்த நாற்காலிதான் விஷயம். வீட்டுக்கு வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவரை அதில் உட்கார வைத்துவிடுவார். “கொஞ்சம் பின்னால... போதும் போதும். தாடையைத் தூக்குங்க. கண்ணை மூடிக்கங்க. இப்போ ஃபீல் பண்ணுங்க!” என்பார். எப்போதும் ஒரே படம், அதில் ஒரே காட்சி. போர் நடக்கும் ஊர். ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஹெலிகாப்டர் இறங்குகிறது. ஜனங்கள் ஏறுகிறார்கள். கடைசியாக ஒரு பெண் அதன் வாசலில் நின்று கையை ஆட்டி ஏதோ சொல்கிறாள். ஹெலிகாப்டர் கிளம்பி, உங்கள் இடது காதில் நுழைந்து, பிடரியைச் சுற்றி, வலது காது வழியாக வெளியேறுகிறது. ஷோகேஸில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. அவை கிணுகிணுப்பதையும் அவர் ஸ்பீக்கரின் கணக்கில்தான் சேர்த்துக்கொள்வார்.

“எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு.”

“நல்லாத்தான்னா? இந்த விலைக்கு?”

“இந்த விலைக்கு... தாராளம்.”

இந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் டீ வரும்.

ஒன்றை மட்டும் கவனித்துவையுங்கள். புகழ்ச்சியைத் தொடங்குவதற்கு முன் அவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். மனைவி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் புகழ்ச்சி நீளும். குழாய் நின்றிருந்தால் கொஞ்சம் சுருங்கும். ஏனென்றால் அந்த வீட்டில் ஓர் உண்மை இருக்கிறது, அது அவருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். விருந்தாளி இல்லாத நேரங்களில் அந்த செட் அணைந்தே இருக்கும். செய்தியானாலும் நாடகமானாலும் டி.வி.யின் சொந்தத் தொண்டைதான். ஏன் என்று கேட்டால், “அதுக்கும் ஓய்வு வேணாமா?” என்பார்.

உண்மையில் செட்டில் இடி கேட்கும், வெடி கேட்கும், கார் கதவு சாத்தினால் நம் நெஞ்சில் சாத்தும். மனுஷர்கள் பேசுவது மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். அது அவர் காதுக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாது.

வேறொருவர் வாய்க்குத் தெரிந்தாலும் பொறுக்கமாட்டார். இணையத்தில் யாரோ ஒரு அப்பாவி, ‘வசனம் புரியவில்லை’ என்று எழுதி இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தார். நம்மவர் பாய்ந்துபோய், ‘குறை உங்கள் அறையில். சோபாவை நகர்த்துங்கள்’ என்று பதில் போட்டார். அடுத்த வாரம் அந்த அப்பாவி எழுதினார்: ‘நகர்த்திவிட்டேன். இப்போது தெரு நன்றாகக் கேட்கிறது.’ பொறாமை பிடித்தவன் என்று நம்மவர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆபீஸ் காசாளர் குறுக்கே வந்தார். காசாளர் வயதில் சின்னவர், அதிகம் பேசாதவர். ஆபீஸில் மற்றவர்கள் நம்மவரைக் கண்டால் கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்கள். காசாளர் ஒருவர்தான் ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிக் கேட்பவர். மிக்ஸி, மெத்தை, குடை என்று நம்மவர் சொன்னதை எல்லாம் சொன்னபடியே வாங்கியவர். ஒரே ஒரு பக்தன் போதாதா? அந்த பக்தன் ஒரு நாள் கூண்டுக்குள்ளிருந்து கேட்டார்:

“சார், அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாயிடுச்சு. டி.வி.யில பேசறது புரியலைன்னு வருத்தப்படறாங்க. உங்க செட்டுல பேச்சு தெளிவா கேக்குமா?”

ஆமாம், கேட்டுவிட்டார். எல்லோரும் ‘எப்படி இருக்கு’ என்றுதான் கேட்பார்கள். இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. இல்லை என்று சொன்னால் ஐந்து நட்சத்திரமும் ஒரே நேரத்தில் உதிரும். ஆமாம் என்று சொன்னால் இந்தப் பையன் இன்றைக்கே வாங்கிவிடுவான்.

“கணீர்னு கேக்கும்!” என்றது வாய். “ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வா. கேட்டுட்டு அவங்களே சொல்லட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காசாளர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்ன உருவம், சிரித்த முகம். யார் பேசினாலும் காதைத் திருப்பாமல் உதட்டையே பார்க்கிற பழக்கம். விரிப்பை மிதிக்காமல் சுவரோரமாக நடத்தி, நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் தூக்கச் சொல்லி, எல்லாச் சடங்கும் முறைப்படி நடந்தது. கண்ணை மூடச் சொன்னதற்கு மட்டும் அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “கண்ணை மூடினா எனக்குச் சுத்தமா கேக்காது தம்பி” என்றுவிட்டார்.

ஹெலிகாப்டர் வந்தது. ஜனங்கள் ஏறினார்கள். அந்தப் பெண் கையை ஆட்டினாள். ஹெலிகாப்டர் பிடரியைச் சுற்றிப் பறந்தது, டம்ளர்கள் கிணுகிணுத்தன. அபிப்பிராயசாலி சமையலறைப் பக்கம் பார்த்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தைரியமாகக் கேட்டார்:

“எப்படிம்மா?”

“அடேயப்பா! நெஞ்சுல வந்து இடிக்குது தம்பி. ஆமா, அந்தப் பொண்ணு அழுதுகிட்டே என்னமோ சொன்னாளே, என்ன சொன்னா?”

“அவளா? கிளம்பறாங்க இல்ல, டாட்டா சொல்றாம்மா.”

“டாட்டா சொல்லும்போது யாராவது அழுவாங்களா?”

காசாளர் நம்மவரைப் பார்த்தார். நம்மவர் டி.வி.யைப் பார்த்தார். எத்தனை பேருக்கு இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டியிருப்பார்! ஒரு தடவையாவது அவள் முகத்தைப் பார்த்திருப்பாரா? ஹெலிகாப்டர் எந்தக் காதில் நுழைகிறது என்பதிலேயே கவனம். மறுபடி போட்டார். சத்தத்தைக் கூட்டிப் போட்டார். ஹெலிகாப்டர்தான் கூடியது, அவள் கூடவில்லை. நாற்காலியை நகர்த்தினார். குண்டுப் பெட்டியைத் தன் காலாலேயே கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருக்கிற பேச்சை வெளியே வர விடாமல் அந்தப் போர்வை அப்படியே மூடிக்கொண்டிருந்தது.

“ரெக்கார்டிங்ல ஏதோ கோளாறு போல...” என்று ஆரம்பித்தார்.

சமையலறையில் குழாய் நின்றது.

“‘நிறுத்துங்க, எங்க அம்மா இன்னும் உள்ளதான் இருக்காங்க’ன்னு கத்தறா” என்றபடி மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “யாரும் காதுல வாங்காம அவளை உள்ள இழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடறாங்க. மிச்சப் படம் முழுக்க அந்த அம்மாவைத் தேடிக்கிட்டு அவ திரும்பி வர்றதுதான் கதை. டி.வி. சத்தத்துலேயே வெச்சு முழுசா பாத்தேன். நல்லா கேட்டுது.”

“ஐயோ பாவம்!” என்றார் அந்த அம்மா. படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “இதுதான் தம்பி என் கஷ்டமும். எல்லாரும் என்னமோ பேசறாங்க, சிரிக்கறாங்க, அழறாங்க. என்னடா சொன்னாங்கன்னு இவனைக் கேட்டா, ஒண்ணுமில்லம்மான்னுடறான்.”

காசாளர் தலையைக் குனிந்துகொண்டார். நம்மவருக்கு என்னவோ போலிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, விருந்தாளி ‘தாராளம்’ என்று சொல்லாமலே டீ வந்தது.

மறுநாள் ஆபீஸில், கூண்டுக்கு வெளியே நின்று கேட்டார் காசாளர். “அப்போ சார், வாங்கட்டுமா?”

பாருங்கள், இத்தனைக்குப் பிறகும் அவனுக்கு நம்பிக்கை போகவில்லை. நம்மவர் நாக்கின் நுனியில் பதில் தயாராக இருந்தது. ‘செட்டுல குறை இல்லப்பா, அம்மா காதுலதான்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சேதத்துக்குச் சொந்தக்காரனின் கவனக்குறைவே காரணம் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! வாயைத் திறந்தார். உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிரித்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் வெட்கப்பட்டார். வெட்கம் அவருக்குப் பழக்கமில்லாததால் இருமல் மாதிரி வந்தது.

“வாங்காத” என்றார்.

“சார்?”

“வாங்காதப்பா. அம்மாவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. ஹெலிகாப்டரெல்லாம் போட வேணாம், ரெண்டு பேர் பேசறதைப் போடச் சொல்லு. எதுல புரியுதுன்னு அவங்க சொல்றாங்களோ அதை வாங்கு. இது வேணாம். எந்த விலைக்கும் வேணாம்.”

நம்மவர் தன் மேஜைவரை நடந்தார். அவ்வளவு நல்ல மனசோடு இன்னும் நாலு எட்டு எடுத்து வைத்திருக்கலாம், முடியவில்லை. திரும்பி வந்தார்.

“என்னோடதுல குறைன்னு நினைச்சுடாத. அது இந்த விலைக்கு...” என்று சொல்லி நிறுத்தினார். அந்த ஆபீஸில் சமையலறை இல்லை. இருந்தாலும் பழக்க தோஷம், ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “...தாராளம்” என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும் ஐந்து நட்சத்திரத்தில் இரண்டைப் பிடுங்கிவிடுவது என்று இணையத்தைத் திறந்தவர்தான். அவர் எழுதியதற்குக் கீழே புதிதாக ஒருவர் எழுதியிருந்தார்: ‘உங்கள் அபிப்பிராயத்தை நம்பி இன்றுதான் வாங்கினேன். மிக்க நன்றி!’ இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதரின் வயிற்றில் எப்படி அடிப்பது? நட்சத்திரங்கள் ஐந்தும் அப்படியே இருக்கின்றன. முகம் தெரிந்தவனுக்கு ஒரு நியாயம், முகம் தெரியாதவனுக்கு வேறொரு நியாயம். அவருக்கும் முகம் தெரியாத ஒருவர் சொல்லித்தானே வாங்க நேர்ந்தது?

அந்த நன்றியை எழுதியது நீங்கள் இல்லையே? இல்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஸ்பீக்கராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கூரியரில் வந்து, தெர்மாகோல் உரித்து, உங்கள் வீட்டில் நல்ல இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒன்று உங்களிடமும் இருக்கும். ‘எப்படி இருக்கு?’ என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். தாராளமாகச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் உங்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.