அல்லாரும் டீச்சரும் ஒரு ஸ்டெப்னியும்

என் முட்டாள்தனங்களை வரிசையாக எழுதினால் இந்த இதழில் விளம்பரத்துக்கு இடம் இருக்காது. அதனால் ஒன்றே ஒன்று. ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் ‘இது தேறும், இது தேறாது’ என்று சொல்லிவிட என்னால் முடியும் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அதிலும் நான் அறிவியல் வாத்தியார். விதை முளைக்குமா முளைக்காதா என்று தெரிய, முதலில் அதை மண்ணில் போட வேண்டும் என்று வருடா வருடம் போர்டில் படம் வரைந்து பாடம் நடத்துகிறவன். வீட்டில் நான் ஊறப்போட்ட வெந்தயம்கூட ஒருமுறையும் முளைத்ததில்லை. அது தனிக் கதை.

என்னை அந்த நோயிலிருந்து குணப்படுத்தியவர் அல்லாரும் டீச்சர். ‘நீ வேணாம்’ என்ற இரண்டு சொற்களை உச்சரிக்க நாக்கு வளையாத ஒரே மனுஷப் பிறவி, எனக்குத் தெரிந்து அவர்தான்.

மண்ணூர்பேட்டைப் பக்கம் எங்கள் நடுநிலைப் பள்ளியில் அவர் தமிழாசிரியை. சொந்த ஊர் திருமழிசை. வகுப்புக்குள் அவர் பேசும் தமிழைக் கேட்டால் எழுந்து நின்று கும்பிடத் தோன்றும். வாசப்படியைத் தாண்டியதும், “இன்னா சார், துன்னாச்சா?” என்பார். உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் ஒன்றுதான். “டீச்சர், யாரு வரணும்?” “அல்லாரும்.” “டீச்சர், இந்தச் சுண்டல் யாருக்கு?” “அல்லாருக்கும்.” பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் சேர்ந்த வருடம் பள்ளியில் குரூப் போட்டோ எடுத்தார்கள். பிள்ளைகள், ஆசிரியர்கள் நின்றாகிவிட்டது. போட்டோக்காரர் ‘ரெடி’ என்றார். டீச்சர் கையைத் தூக்கினார். “இரு நைனா, சத்துணவு ஆயா வரல.” ஆயா வந்தார். பிறகு வாட்ச்மேன் வந்தார். கேட்டுக்கு வெளியே டீ ஆற்றிக்கொண்டிருந்தவரையும் கையசைத்துக் கூப்பிட்டார். ஒவ்வோர் ஆளுக்கும் போட்டோக்காரர் ஓரடி பின்னால் போனார். மைதானம் தீர்ந்தது, கேட் தீர்ந்தது, ரோட்டைத் தாண்டி எதிர்க்கடை வாசலில் நின்று எடுத்தார். படத்தில் எங்கள் முகங்கள் கடுகு சைஸில் இருக்கின்றன. நடுவில் ஒரு தண்ணீர் லாரி மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. டீச்சர் அதைப் பார்த்து, “சூப்பரா கீதுல்ல? ஒருத்தரு மிஸ் இல்ல” என்றார்.

பிறகு மன்றங்கள் வந்தன. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு மன்றத்தில் சேர வேண்டும் என்று பெரிய சார் சொன்னார். பெரிய சார் என்றால் எங்கள் தலைமையாசிரியர். உடனே ஆசிரியர்களுக்கு ஆள் பொறுக்கும் வெறி பிடித்தது. நடன மன்றத்தில் கால் பார்த்தார்கள். பாட்டு மன்றத்தில் குரல் பார்த்தார்கள். செஸ் மன்றத்தில் இரண்டே போர்டு, எனவே நான்கே மேதைகள். நான் அறிவியல் மன்றத்துக்கு நுழைவுத் தேர்வே வைத்தேன். “தண்ணி எப்போ கொதிக்கும்?” என்று ஒருவனைக் கேட்டேன். “எங்க ஊட்ல கொதிக்காது சார், அதுக்குள்ள காஸ் தீந்துடும்” என்றான். வெளியே அனுப்பினேன். இன்றைக்கென்றால் அவனைத் தலைவராக்கிவிட்டு நான் உறுப்பினராகச் சேர்ந்திருப்பேன்.

அடுத்து வந்தவள் தேன்மொழி. ஏழாம் வகுப்பு. பெயர் வைத்தவர்கள் அவள் பேசுவதற்கு முன்பே வைத்துவிட்டார்கள். காலையில் அவள் “உள்ளேன் ஐயா” சொன்னால் வேப்பமரத்துக் காக்கைகள் அடுத்த தெருவுக்குக் குடிபோகும். பிரார்த்தனைப் பாட்டிலிருந்து நீக்கப்பட்டவள். பாட்டு மன்றம் கதவைச் சாத்திக்கொண்டது. என் கேள்விக்கு அவள், “நூறு டிகிரி சார்!” என்றாள். சரியான பதில். அலமாரியில் ஒரு சோதனைக் குழாய் கிணுகிணுத்தது. “லேபுக்கு இவ்ளோ சத்தம் ஆகாதும்மா” என்று அவளையும் அனுப்பிவிட்டேன். கடைசியில் என் மன்றத்தில் மூன்று பேர். அதில் ஒருவன் லேபில் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது என்பதற்காக வந்தவன்.

மற்ற மன்றங்கள் உதறிய கூட்டம் முழுக்க நாடக மன்றத்தின் வாசலில் நின்றது. நாற்பத்தோரு பேர். உள்ளே அல்லாரும் டீச்சர்.

“எத்தினி பேரு வேணும் டீச்சர்?” என்று முன்னால் நின்றவன் பயந்துகொண்டே கேட்டான்.

பதில் உங்களுக்கே தெரியும்.

முதல் நாடகம் ராஜா கதை. ஒரு ராஜா, இருபத்திரண்டு மந்திரிகள், மீதி படைவீரர்கள். பிள்ளைகளுக்கு மேடையில் பிடித்த ஒரே காரியம் சாவது. போர்க்களத்தில் ஜெயித்தவன் தோற்றவன் எல்லோரும் செத்தார்கள். ஒவ்வொருவனும் நெஞ்சைப் பிடித்து, சுற்றி, விழுந்து, எழுந்து, அம்மாவை நினைத்து, மறுபடி விழுந்தான். ஆண்டுவிழாவில் விருந்தினர் ஆட்டோ பிடித்துப் போன பிறகும் மந்திரிகள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் டீச்சருக்கு அந்த ஞானம் பிறந்தது. ஆளுக்கு வேஷம் போதவில்லை என்றால் பொருளுக்கு வேஷம் கொடு. அடுத்த நாடகத்தில் ஒரு வீடு. கதவு, அலமாரி, ஃபேன், துணிக்கொடி எல்லாமே பிள்ளைகள். ஒருவன் ஒழுகும் குழாய். மூலையில் கையை மடக்கி நின்று நாடகம் முழுக்க நாக்கால் ‘டொக்… டொக்…’ என்று சொட்டிக்கொண்டே இருந்தான். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துப் பழகிய கை. விடுவிடுவென்று மேடையேறி அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருகு திருகினார். சொட்டுவது நின்றது. அந்த அம்மா திருப்தியாக இறங்கிப் போய் உட்கார்ந்தார். நான் கைதட்ட மறந்து நின்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் வட்டார நாடகப் போட்டி அறிவிப்பு வந்தது. டீச்சர் அன்றே பிள்ளைகளிடம், “அல்லாரும் மேடை ஏறுறோம்” என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் பெரிய சார் கூப்பிட்டு விதியைச் சொன்னார்: நடிப்பவர்கள் பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது. ஒரு தலை கூடினாலும் பள்ளியே போட்டியிலிருந்து வெளியே.

“ரூல்ஸ் டீச்சர். நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார் பெரிய சார்.

வெளியே தேன்மொழி நின்றிருந்தாள். “டீச்சர், அப்போ நானு வெளியவா?” என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது ரகசியம். செஸ் மன்றத்தில் ஒரு ராணி கீழே விழுந்தது.

“யாரு சொன்னா? அல்லாரும்” என்றார் டீச்சர்.

நான் ஸ்டாஃப் ரூமில் உதவிக்குப் போனேன். “டீச்சர், கவலைப்படாதீங்க. நான் ஒரு டெஸ்ட் வெச்சுப் பத்து பேரை எடுத்துத் தர்றேன்.”

“உங்க மன்றத்துல இப்போ எத்தினி பேரு சார்?”

“ரெண்டு.”

“மூணு இருந்துச்சே?”

“ஃபேன் ரிப்பேர் டீச்சர்.”

அவர் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். என் டப்பாவில் ஒரு உருளைக்கிழங்கு போண்டாவை வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு நாடக மன்றத்தின் கதவு மூடியே கிடந்தது. உள்ளிருந்து டுர்ர்ர் என்றும், கிறீச் என்றும், சில சமயம் கட்டடம் அதிர ‘பாம்’ என்றும் சத்தம் வந்தது. போட்டிக்கு முந்தின நாள் டீச்சர் என்னிடம், “சார், செட்டு எறக்கறதுக்கு ஆள் வேணும். வர்றீங்களா?” என்றார். தெர்மாகோல் அரண்மனை தூக்கப்போகிறோம் என்று மறுநாள் பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன். பள்ளி வாசலில் இரண்டு வேன் நின்றது.

“செட்டு எங்க டீச்சர்?”

“ஏறிகினு கீது பாருங்க” என்றார். நாற்பத்தோரு பிள்ளைகளும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

போட்டி ஆவடிப் பக்கம் ஒரு பெரிய பள்ளியில். மேடைக்குப் பின்னால் தலைமை நடுவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்கள் கூட்டத்தைப் பார்த்தார்.

“நடிக்கிறவங்க எத்தனை பேரும்மா?”

“பத்து சார்.”

“இவங்கெல்லாம்?”

“செட்டு.”

“என்ன செட்டு?”

“பஸ்ஸு சார். திருமழிசையிலேருந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குக் காலைல வர்ற பஸ்ஸு. மத்த ஸ்கூல்ல அட்டைல பண்ணிக்கினு வந்துகிறாங்க. எங்களாண்ட அட்டை இல்ல, புள்ளைங்க கீது.”

நடுவர் மற்ற இருவரைப் பார்த்தார். ஒருவர் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். முப்பத்தொரு பிள்ளைகள் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு வந்திருந்தார்கள். தேன்மொழியின் அம்மா எஸ்டேட் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“சரி. ஆனா செட்டு செட்டாவே இருக்கணும்” என்றார் நடுவர். “ஒண்ணு பேசினாலும், சிரிச்சாலும், அம்மாவுக்குக் கை காட்டினாலும் அது நடிகர். பத்தைத் தாண்டிடும். மொத்தமா வெளியே.”

“ஹாரன் அடிக்கலாமா சார்?”

“ஹாரன் அடிக்காத பஸ் எங்கேம்மா இருக்கு!”

ஆபத்து தீர்ந்தது என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் பின்சக்கரம் வாந்தி எடுத்தது. பின்சக்கரம் என்பது ஆறாம் வகுப்பு கிஷோர். வேனில் வந்த தலைசுற்றல். எழுந்து உருள முடியாது, படுத்தால் பரவாயில்லை என்றான். “பாவம், அவனை விட்டுடலாமே டீச்சர்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் எங்கேயும் வைக்க இடமில்லாமல் வைத்திருக்கிறேன். பிறகு அந்தப் பார்வை மெதுவாக என் வயிற்றுக்கு இறங்கியது.

“சார், குந்துங்க.”

“டீச்சர், நான் வாத்தியார்!”

“செட்டுல இன்னா சார் வாத்தியாரு, புள்ள? கிஷோரு பஞ்சர் டயரு. நீங்க ஸ்டெப்னி.”

திரை விலகியது. நாடகம் புதிதாக ஒரு பஞ்சருடன் தொடங்கியது. கிஷோர் மேடை ஓரத்தில் படுத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று இறங்கினான். டிரைவரும் கண்டக்டருமாக என்னை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கண்டக்டர் பயல் சொந்தமாக ஒரு வசனம் விட்டான்: “இன்னா அண்ணாத்தே, ஸ்டெப்னில காத்து ஓவரா கீது!” அரங்கம் வெடித்தது. செட்டு சிரிக்கக் கூடாது. முப்பது பிள்ளைகளும் கல் மாதிரி நின்றார்கள். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு தப்பித்தது நான் ஒருவன்தான்.

பிறகு பஸ் கிளம்பியது. கீழே முட்டி போட்டு உருண்டுகொண்டே அண்ணாந்து பார்த்தேன். ஜன்னல்கள் அதிர்ந்தன. வைப்பர்கள் இரண்டும் ஒரே அசைவில் மழையைத் தள்ளின. வேகத்தடையில் முன்பக்கம் குதித்து, நடுப்பகுதி குதித்து, கடைசி சீட்டு ஒரு நொடி தாமதமாகத் தூக்கிப் போட்டது. எல்லாரும் நாங்கள் வேண்டாமென்று சொன்ன பிள்ளைகள். மெய்யாகவே ஒரு பஸ் என் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு டீசல் வாசனைகூட வந்தது.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது வரிசையில் ஒரு குரல் எழுந்தது. மகளின் குரல் எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கியது.

“ஏ தேனு! அம்மா இங்க குந்திகினு கீறேன்டி!”

அரங்கம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. தலைமை நடுவரின் பேனா மேலே எழுந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில், கன்னத்தை உப்பிக்கொண்டு ஹாரனாக நின்றிருந்தாள் தேன்மொழி. அவள் கண் மட்டும் அம்மாவிடம் போய்த் திரும்பியது. எந்த வகுப்பிலும் ஒரு நிமிடம் வாயை மூடாத பெண். பஸ் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் பையன் மெல்லக் கை நீட்டி அவள் தோளை அழுத்தினான்.

“பாஆஆஆம்! பாம்! பாம்!”

மேலே ஒரு டியூப்லைட் அணைந்து எரிந்தது. ‘பாத்துட்டேம்மா’ என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. அந்த அம்மா அடையாள அட்டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். “ஹாரன்தானே” என்று பேனாவைக் கீழே வைத்தார்.

சிறந்த நாடகத்துக்கான பரிசு தெர்மாகோல் அரண்மனையோடு வந்த ஒரு பள்ளிக்குப் போனது. எங்களுக்குக் கிடைத்தது ‘சிறந்த அரங்க அமைப்பு’. பரிசை வாங்கப் பொறுப்பாசிரியர் வரலாம் என்றார்கள். “செட்டே வரும் சார்” என்றார் டீச்சர். கதவு, ஜன்னல், வைப்பர், பஞ்சர் டயர் என்று அத்தனையும் மேடையேறியது. கோப்பையை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் விழித்த நடுவர், கடைசியில் ஹாரன் கையில் கொடுத்தார். ஹாரன் நன்றி சொன்னது. அவர் காதைப் பொத்திக்கொண்டார். போட்டோ எடுக்க வந்த தம்பியிடம் டீச்சர், “பின்னாடி போ நைனா, இன்னும் பின்னாடி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் இப்போது மாற்றலாகிக் குத்தம்பாக்கம் பக்கம் போய்விட்டார். அங்கே எத்தனை மந்திரிகள் செத்துக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. எங்கள் அறிவியல் மன்றத்தில் நுழைவுத் தேர்வு கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு நிற்க இடமும் கிடையாது.

அன்று திரும்பும்போது வேனில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். என் முட்டி இரண்டும் வீங்கியிருந்தது. எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. செட்டோ தானாக ஏறித் தானாக இறங்குகிற செட்டு. அதை இறக்க என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்?

“டீச்சர், எனக்குப் பாட வராது, ஆட வராது, நடிக்கவும் வராது. அது ஸ்டாஃப் ரூமுக்கே தெரியும். அப்புறம் என்னை எதுக்குக் கூப்டீங்க?”

மடியில் தூங்கிய கிஷோரின் தலையை நேராக்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“அல்லாரும்னு சொன்னேன்ல, சார்.”