கூடு பார்க்க வந்த பேடு

"சேர், இந்த இடமும் சரிவரல்ல" என்று சொல்லிக்கொண்டே கலியாணம் பேசுகிற புஸ்பம் குடையை மடக்கினாள். "மாப்புளைக்கு ஏதும் குறை இரிக்கா எண்டு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒளிக்காம சொல்லிட்டன். வீடு இரிக்கி எண்டு."

சுபாகரன் தலையில் கை வைத்தான். வயது முப்பத்தாறு. உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பிக்கிற உத்தியோகம். குடி, வெற்றிலை ஒன்றும் கிடையாது. இருந்த ஒரே குறை, இரண்டு அறையும் விறாந்தையுமாக அவன் பேரிலேயே நின்ற அந்தக் கல்வீடுதான்.

மட்டக்களப்பில் வீடு என்றால் அது பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து ஏறுவான். ஆனால் சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக்கொடுக்க வந்த வெள்ளைக்காரர்கள், படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டார்கள். கடல் கொண்டுபோனது அம்மாவின் சீதன வீடு. திரும்பி வந்தது மகன் பேரில். அம்மா வெட்கம் தாங்காமல் மண்டூரில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டாள். பெண் வீட்டில் இடம் கிடைக்காதவன்தான் சொந்தமாக வீடு வைத்திருப்பான் என்று ஊர் தீர்மானித்துவிட்டது.

சுபாகரனுக்கு ஊரைவிட விலங்கியலில் நம்பிக்கை அதிகம்.

"புஸ்பமக்கா, தூக்கணாங்குருவியைப் பாருங்க. ஆண்தான் கூடு கட்டும். பாதி கட்டிப்போட்டு, அதில தொங்கிக்கொண்டு செட்டையடிச்சு பேட்டைக் கூப்பிடும். பேடு வந்து உள்ளுக்க பூந்து, நாரை இழுத்துப் பார்க்கும். கூடு பிடிச்சாத்தான் ஆணை ஏற்கும். இயற்கை அப்பிடி."

"அதுக்குப் பிறகு?"

"பேடு முட்டை இடும்."

"ஆண் என்ன செய்யும்?"

சுபாகரன் தொண்டையைச் செருமினான். "அடுத்த கூடு கட்டும்."

"ஆருக்கு?"

"அது பாடத்திட்டத்தில இல்ல."

ஒரு கிழமையில் புஸ்பம் ஒரு பேட்டைக் கொண்டுவந்துவிட்டாள். பெயர் சர்மிலா, புளியந்தீவில் தபாற்கந்தோரில் வேலை. அவளுக்குக் காணி இருந்தது. அதில் நின்ற வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஆகவே வீடுள்ள மாப்பிள்ளை என்றதும் தகப்பன் வினாயகமூர்த்தி முகம் சுளிக்கவில்லை. மகள் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அவர்கள் வந்த நேரம், வீட்டைக் கட்டிய மேசன் வேலன் சாரத்தில் ஏறி நின்று விறாந்தையைப் பூசிக்கொண்டிருந்தான். சுபாகரன் குருவிப் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினான்.

"கட்டின நேர்த்தியை வச்சுத்தான் கட்டினவன்ட தரத்தைப் பேடு அளக்குது. பார்த்தீங்களா?"

சர்மிலா சுவரைத்தான் பார்த்தாள். விரலால் தட்டினாள். அவள் தட்டத் தட்ட சுபாகரனுக்கு நெஞ்சுக்குள் இடித்தது. இரண்டு வருஷமாகத் தனியே சோறாக்கித் தனியே தின்கிறவன். இந்த ஒருத்தி ஓம் என்றால் போதும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டான்.

"இதில வெடிப்பு இரிக்கே?" என்றாள்.

"அது ஆமி குடும்பிமலைப் பக்கம் அடிக்கிற ஷெல் அதிர்ச்சிக்கு வெடிச்சது, மிஸ்" என்றான் வேலன் மேலேயிருந்து. "என்ட சாந்துக்கு இல்ல."

சர்மிலா சிரித்துவிட்டாள். தன் பாடம் எடுபட்டுவிட்டது என்று சுபாகரன் பூரித்துப்போனான்.

வெடிப்பு அடைபட்டதும், குசினிக்கு வாவிக் காற்று வருகிற பக்கம் ஜன்னல் வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். வேலன் சுவரை உடைத்தான். சர்மிலா கந்தோர் விட்டு வரும் வழியில் தினமும் இறங்கி, அளவு சரியா என்று பார்த்தாள். ஜன்னல் வைத்ததும் வாவிக் காற்று தாராளமாக வந்து, அடுப்புப் புகையை முழுவதும் விறாந்தைக்குத் தள்ளியது. புகைக்கூடு வேண்டும் என்றாள். வேலன் ஓட்டைப் பிரித்தான். அன்று பார்த்து மாசி மழை கொட்டியது. திருத்த வைத்திருந்த விடைத்தாள்கள் ஊறிப்போயின. விலங்கியலில் எல்லோருக்கும் ஒரே புள்ளி போட வேண்டியதாயிற்று.

"இன்னும் என்னவாம்?" என்று வேலனைக் கேட்டான்.

"புகைக்கூடு கோணலாம், சேர். இடிச்சுக் கட்டட்டாம்."

"இடி" என்றான் சுபாகரன். "பேட்டுக்குப் பிடிக்காட்டி ஆண்குருவியும் பிச்சுப்போட்டுத்தான் கட்டும்."

இதற்கிடையில் புஸ்பம் அந்த அடுத்த கூட்டு விஷயத்தை வினாயகமூர்த்தியிடம் உளறிவைத்திருந்தாள். மனிதர் நேரே வந்துவிட்டார்.

"தம்பி, ரெண்டாவது வீடு ஆருக்குக் கட்டப்போறீங்க?"

"ஐயோ, அது குருவி!"

"குருவிக்கு எதுக்குத் தம்பி கல்வீடு?"

சுபாகரனுக்கு வியர்த்துவிட்டது. வீட்டை சர்மிலா பேரிலேயே எழுதித் தருகிறேன் என்றான். வினாயகமூர்த்தி யோசித்துச் சொல்வதாகப் போனார். அதோடு சத்தமில்லை. சர்மிலாவும் வரவில்லை. பாதிப் புகைக்கூட்டோடு வேலனையும் காணவில்லை. வீட்டுக்குள் வானம் தெரிந்தது.

பங்குனி கடைசியில் புஸ்பம் வந்தாள். வாயெல்லாம் பல்.

"சர்மிலாட கலியாணம் முற்றாயிட்டு, சேர். வைகாசியில நாள். புள்ளையின்ட காணியிலேயே புது வீடு எழும்புது. தகப்பனுக்கும் நல்ல சந்தோசம்."

சுபாகரன் புகைக்கூட்டு ஓட்டையை அண்ணாந்து பார்த்தான்.

"புது வீடா? அப்ப என்ட வீட்டில என்னக்கா குறை?"

"ஒரு குறையும் இல்லையாம். இந்த வீட்டை நல்லா பார்த்துப்போட்டுத்தான் ஓம் எண்டிரிக்கா."

"பிறகென்ன?"

"கூடு கட்டினவனைத்தானே சேர் பேடு எடுக்கும்? வேலன் நேத்தே சூட்கேஸ் வாங்கிட்டான்."