ஒன்மேனின் ஐந்தாவது பக்கம்

அடுத்தவனுக்கு ஒரு வேலைகூடக் கொடுக்காமல் வாழ்ந்துவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதன் இந்த பெங்களூரில்தான் இருந்தான். அதுவும் மர்பி டவுனில், என் குஷன் கடைக்கு நேர் எதிரே, இன்னொரு குஷன் கடை வைத்துக்கொண்டு. ஞானஸ்நானப் பெயர் ஏதோ ஒன்று இருந்தது. தெருவுக்கு அவன் ‘ஒன்மேன்’.

தலைமுடியை அவனே வெட்டிக்கொள்வான். ஒருமுறை பாதியில் கரண்ட் போய்விட்டது. ஒரு பக்கம் போலீஸ்காரன், மறுபக்கம் கிதார்காரன் என்று ஞாயிறு பூசைக்கு வந்து நின்றான். ஆடுகிற பல்லை அவனே பிடுங்கினான். பிடுங்கி முடித்த பிறகும் ஆடுகிற பல் வாயிலேயேதான் இருந்தது. சொந்தக் கல்யாணத்துக்கே போட்டோக்காரன் வைக்கவில்லை. கேமராவில் டைமரை அழுத்திவிட்டு ஓடுவான். ஆல்பத்தைத் திறந்தால் எல்லாப் படத்திலும் பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், மாப்பிள்ளை ஓடி வந்துகொண்டிருக்கிறான்.

கடை போர்டையும் அவனே எழுதினான். இடம் போதாமல் கடைசி எழுத்து பக்கத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. அதைப் போட்டோ எடுக்க வந்தவர்கள், போகிற போக்கில் சோபாவையும் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் போர்டு ஆள் வைத்து எழுதியது. லைட் எல்லாம் உண்டு. ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பொறாமை, மறைப்பானேன்? என் மனைவி ஸ்டெல்லாகூட அவன் ஜோக்குக்குத்தான் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சர்ச்சில் முட்டி போடுகிற பலகைகளுக்கெல்லாம் கிறிஸ்துமஸுக்குள் புது குஷன் போட முடிவு செய்தார்கள். பழைய குஷன்கள் நான் தொழிலுக்கு வந்த புதிதில் தைத்தவை. ஆனால் இப்போது சாமியாரும் புதுசு, கமிட்டியும் புதுசு. அது யாருக்குத் தெரியும்? ஆன்லைனில் சோபா விற்கிறவர்களால் என் கடை ஈயோட்டிக்கொண்டிருந்தது. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான் என்ற நிலைமை.

கமிட்டி செயலாளர் ரிச்சர்ட்ஸ் டவுன் டீச்சரம்மா. எங்கள் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னார். “வெப்சைட் இருந்தா லிங்க் அனுப்புங்க. கமிட்டி பாத்து முடிவு பண்ணும்.”

இரண்டு பேரிடமும் வெப்சைட் இல்லை. நான் உடனே ஆள் பிடித்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்.

“ப்ரீமியம் லுக் குடுத்தர்லாங்ணா. கஸ்டமருக்குப் பாத்ததும் ஒரு ஃபீல் வரோணும்.”

எதிரே ஒன்மேன் செல்போனைக் கண்ணுக்குள் சொருகுகிற மாதிரி வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தான்.

“ஆள் வெச்சிட்டியா மச்சா? எதுக்கு சும்னே காசைக் கரியாக்குற? ஃப்ரீயாவே பண்ணலாம். அஞ்சு பக்கம் குடுக்குறான்.”

“நீ பல்லு புடுங்குன லட்சணம்தான்டா இதுலயும் வரும்.”

“அந்தப் பல்லும் அப்புறம் தானா விழுந்திருச்சே!” என்று சிரித்தான்.

என் வெப்சைட் வந்தது. வெள்ளை சோபாவில் ஒரு வெள்ளைக்காரி காலை நீட்டிப் படுத்திருந்தாள். கீழே எல்லாம் இங்கிலீஷ். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அவன் வெப்சைட்டில் மேலிருந்து சாமந்திப்பூ கொட்டிக்கொண்டே இருந்தது. நடுவில் பனியனோடு அவன். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே வயிறு குளிர்ந்து மூடிவிட்டேன். ஆர்டர் எனக்குத்தான்.

அடுத்த வாரம் டீச்சரம்மா கடைக்கு வந்தார்.

“அந்தோணி, உங்க வெப்சைட்டப் பாத்துட்டு ஃபாதர் உங்க பேர அடிச்சிட்டாரு. இவங்கள்லாம் அஞ்சு நட்சத்திர ஓட்டலுக்குப் பண்றவங்க, நமக்குக் கட்டுப்படியாகாதுன்னாரு.”

“அப்போ அவனுக்கா குடுத்துட்டீங்க?”

“அவர் வெப்சைட்டையும் பாத்தோம். கடைசிப் பக்கம் வரைக்கும். இந்தாங்க, நீங்களே படிங்க.”

போனை நீட்டினார். பூ கொட்டிக்கொண்டிருந்தது. முதல் பக்கம் அவன். இரண்டாவது, சோபாக்கள். மூன்றாவது, அவன் முழங்கால் வலியும் கடை லீவு விடும் நாட்களும். நான்காவது, அந்தக் கல்யாண ஓட்டப்பந்தயம். ஐந்தாவதில் எங்கள் சர்ச்சின் முட்டிப் பலகை. அடியில் அவன் எழுதியிருந்தான்:

“இது எதிர்க்கடை அந்தோணி தைச்சது. ரெக்ஸின் போயிடுச்சு, தையல் போகல. சோபான்னா எங்கிட்ட வாங்க. முட்டிப் பலகைன்னா அவன்கிட்ட போங்க. கோவக்காரன், திட்டுவான். கண்டுக்காதீங்க.”

“ஆர்டர் உங்களுக்குத்தான்” என்றார் டீச்சரம்மா. “திட்டாம தைச்சுக் குடுங்க.”

ரோட்டைத் தாண்டி அவன் கடைக்குள் போய்க் கத்தினேன். “அறிவிருக்காடா உனக்கு? கையில வந்த ஆர்டரை எவனாவது எதிர்க்கடைக்குத் தூக்கிக் குடுப்பானா?”

“அஞ்சாவது பக்கம் காலியா இருந்துச்சு மச்சா. ஃப்ரீயா குடுத்ததை வேஸ்ட் பண்ண முடியுமா?”

“சர்ச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அதை எடுத்திருக்கலாமில்ல?”

“போடத்தான் தெரியும். எடுக்கத் தெரியல.”

“யாரையாவது கேட்டிருக்கலாமே!”

அவன் முகம் சுண்டிப்போனது. அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினால்கூட அப்படி ஆகியிருக்காது. “கேக்குறதா?” என்றான். பிறகு ஸ்பாஞ்ச் வெட்டக் குனிந்துகொண்டு சொன்னான்: “முட்டி வலியோட நீ தைச்ச குஷன்ல மண்டி போட்டுப் பாத்தேன்டா. வலிக்கல.”

நான் என் கடைக்குத் திரும்பி ரெக்ஸின் சுருளைப் பிரித்தேன்.

இப்போது முழங்கால் வலி முற்றி, ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறான். அவன் கடையில் மோமோ விற்கிறார்கள். பக்கத்துச் சுவரில் அந்தக் கடைசி எழுத்து மட்டும் இருக்கிறது. வெள்ளைக்காரியை நான் அப்போதே இறக்கிவிட்டேன். அவன் வெப்சைட் அப்படியே இருக்கிறது. அவனுக்குத்தான் எடுக்கத் தெரியாதே.

வெப்சைட் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் நான் அவன் லிங்க்கைத்தான் அனுப்புகிறேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை நானும் திறந்து பார்ப்பேன். பூக்களுக்கு நடுவில், பனியனோடு, என்னைவிட அழகாக இருக்கிறான் படுபாவி.