பிறந்த நாள் கூட்டல் முப்பது

அரைகுறையாகக் கம்ப்யூட்டர் தெரிந்தவனிடம் நல்ல காரியத்தை ஒப்படைக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் அந்த அரைகுறை நான்தான்.

ஈப்போவில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சேர்ந்த புதிது. எக்செல்லில் ஒரு தேதியோடு எண்ணைக் கூட்டினால் வரவேண்டிய தேதி வந்துவிடும் என்று கற்றுக்கொண்ட வாரம்தான் அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. முப்பதாம் நாள் தொட்டில் போட வேண்டும். பெண் வீட்டார் செய்வது. அதில் குறை வைத்தால் அக்காவுக்குப் புகுந்த வீட்டில் காலத்துக்கும் பேச்சு.

அம்மா காலண்டரை எடுத்தார். "இந்தக் காலத்துல விரல் விட்டு எண்ணுவாங்களாம்மா?" என்று லேப்டாப்பைத் திறந்தேன். பிறந்த தேதி கூட்டல் முப்பது. ஞாயிற்றுக்கிழமை! செமோரில் எங்கள் வீட்டுக்குக் கூடாரம், சாப்பாடு எல்லாம் அன்றைக்கே சொல்லி, சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பும் அனுப்பினேன். சம்பந்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது மரியாதை இல்லை என்று அம்மா போன் செய்து அழைத்தார்: "முப்பதாம் நாள் தொட்டில், எல்லாரும் வந்துருங்க."

சனிக்கிழமை காலை, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் சாக்கடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். தைப்பிங்கிலிருந்து இரண்டு வேன்கள் வந்து நின்றன. பட்டுப் புடவையில் இறங்கிய அக்காவின் மாமியார், "என்ன தம்பி, கூடாரத்தக் காணோம்?" என்றார்.

"நாளைக்குத்தானே அத்தை!" உள்ளே ஓடி லேப்டாப்பைத் தூக்கி வந்து காட்டினேன். (கைலி அவிழாதது குலதெய்வத்தின் கருணை.)

அவர் அதைப் பார்க்கவே இல்லை. "புள்ள பொறந்த நாளே ஒன்னு லா," என்று விரலை மடக்க ஆரம்பித்தார். "இன்னிக்குத்தான் முப்பது."

கம்ப்யூட்டர் கேட்டதைக் கொடுத்திருந்தது. பிறந்த நாளை எண்ணாமல் விட்டவன் நான். கூட்டியிருக்க வேண்டியது இருபத்தொன்பது. வாசலில் அக்கா, தலை நிறைய எண்ணெயும் கண் நிறையத் தண்ணீருமாக நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் முக்கில் இருந்த சாப்பாட்டுக் கடைக்கு ஓடினேன்.

"இருபது பேர்தானே மச்சான்? அர மணி நேரம் குடு, பிரியாணி வந்துரும்," என்றார் கடைக்கார காதர் அண்ணே.

திரும்பி வந்தால், அம்மாவின் புடவையில் மாமியாரே தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டிருந்தார். "நாள் தப்பல, அது போதும்," என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. மறுநாள் எங்கள் ஆட்களுக்காக இன்னொரு முறை தொட்டில் போட்டோம். பிள்ளை இரண்டு நாளும் நன்றாகத் தூங்கினான்.

அவன் இப்போது ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் என் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். தைப்பிங்கிலிருந்து மாமியார் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"தேதிய யாரு பாத்தா? தம்பியா? அப்படின்னா ரெண்டு வேனும் ஒரு நாள் முந்தியே வந்துரும் லா."