மூணு ராஜாவும் ஒரு ஸ்பெஷலும்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தைதான். அந்த ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் மானம் மரியாதையோடு கிழவனாகியிருப்பேன்.

அந்த வார்த்தை 'ஸ்பெஷல்'. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிற என் மருமகள் இப்போதே சிரிக்கிறாள். (எழுதும்மா, சிரிக்கிறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு.) எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. பள்ளிக்கூடத்துக்குள் நான் போனது செங்கல் இறக்கத்தான்.

வெள்ளைக்காரன் காலம். ரெண்டாவது உலகச் சண்டை இன்னும் ஆரம்பிக்கவில்லை. இன்றைக்கு பஸ்ஸும் காரும் முட்டிக்கொள்கிற காளவாசலில் அன்றைக்குச் செங்கல் சூளைப் புகைதான். அங்கே கல் ஏற்றி மதுரை டவுனுக்குள் வண்டி அடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இரண்டு மாடுகள். ஒன்று வேகமாகப் போகும், இன்னொன்று அது போவதை வேடிக்கை பார்க்கும். அந்த மாடுகளைப் பற்றியே தனியாகச் சொல்லலாம். (வேண்டாமாம். கதைக்கு வரச் சொல்கிறாள்.)

சூளையில் நன்றாக வெந்த கல்லைத் தனியாக அடுக்கி 'ஸ்பெஷல் கல்' என்பார்கள். டவுனில் ஒரு காபி கிளப்பில் 'ஸ்பெஷல் தோசை' என்றார்கள். வாங்கித் தின்று பார்த்தேன். அதே தோசை, நெய் கூட. சித்திரைத் திருவிழாவுக்கு 'ஸ்பெஷல் ரயில்' விட்டார்கள். அதே ரயில், கூட்டம் கூட. ஊர்வலத்தில் கலாட்டா என்று 'ஸ்பெஷல் போலீஸ்' வந்தது. அதே லத்தி, தடிமன் கூட. (இதுவும் அனுபவித்துப் பார்த்ததுதான்.) ஆக, எந்தச் சாமானோடு சேர்ந்தாலும் இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான் என்று முடிவுகட்டினேன். இருக்கிறதுதான், இன்னும் கொஞ்சம் கூட.

அதிலிருந்து ஊரில் எதைப் பார்த்தாலும் ஸ்பெஷல்தான். ஸ்பெஷல் மழை, ஸ்பெஷல் வெண்டைக்காய். தொண்ணூறு வயசுக்காரர் ஒருவர் இரட்டை மேளத்தோடு போனபோது, "ஸ்பெஷல் சாவுண்ணே" என்று அவர் மகனிடம் சொல்லி, கன்னத்தில் ஒன்று வாங்கினேன்.

திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. அதை எடுத்து நடத்துகிற பெரியதனம் என் தாய்மாமன் வீரணன். அவர் மகள் பேச்சி. முறைப்பெண் என்பதால் எனக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா அப்படி நினைக்கவில்லை. திருப்பரங்குன்றத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருத்தன் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். நாலாவது வரைக்கும் படித்தவன்.

ஊர்க்கூட்டத்தில் மாமா சொன்னார்: "இந்த வருசம் ஸ்பெஷல் நாடகம் வைப்போம். பக்கத்து ஊர்ல போன வருசம் வச்சாய்ங்க."

"அப்புடின்னா என்னண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

மாமா தொண்டையைச் செருமினார். துண்டை எடுத்து உதறினார். பிறகு என்னைப் பார்த்தார். "டவுனுக்குப் போய்வார பய இருக்கான்ல. அவன் சொல்லுவான்."

நான் எழுந்து நின்றேன். "அதே நாடகந்தான். சாதாவுல ஒண்ணு இருந்தா இதுல மூணு இருக்கும். தோசைக்கு நெய் கூட ஊத்துற மாதிரி. அம்புட்டுத்தான்."

"நான் நெனச்சதும் அதான்" என்றார் மாமா.

கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, நாடகத்த நீயே போய்ப் பேசிட்டு வா. நல்லபடியா முடிச்சா பேச்சி விசயத்தப் பேசுவோம். கெடுத்தேன்னு வையி, மறுநாளே கடைக்காரன் வீட்டுக்கு வெத்தல பாக்கோட போயிருவேன்."

செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு ராஜபார்ட் குடியிருந்தார். ராஜா வேஷம் கட்டுகிறவர். மீசையை வைத்துக்கொண்டு வாசலில் அவரால் நேராக நுழைய முடியாது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்தேன். எடுத்துக்கொண்டு, "ராணி வேசம் யாரு தம்பி?" என்று கேட்டார்.

ராஜா வந்தால் ராணி வராமலா போவாள், இதை எதற்கு என்னிடம் கேட்கிறார் என்று மனசுக்குள் ஓடியது. அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் ஊரிலேயே விவரம் தெரிந்தவன் நான். அதனால், "எல்லாம் ஸ்பெஷலாத்தான் இருக்குண்ணே" என்றேன்.

"அப்பச் சரி" என்றார்.

ஒரு ராஜா என்றால் சாதா ஆகிவிடும். ரயிலடிப் பக்கம் போய், தங்கப்பல் கட்டிய இன்னொரு ராஜபார்ட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்தேன். அவரும் ராணி யார், பபூன் யார் என்று கேட்டார். "எல்லாம் ஸ்பெஷல்." திரும்புகிற வழியில் குட்டையாக, வெண்கலக் குரலோடு மூன்றாவது ஒருவர் கிடைத்தார். அவருக்கும் ஸ்பெஷல். அன்றைக்கு நான் வண்டியில் உட்கார்ந்து வரவில்லை, நின்றுகொண்டு வந்தேன்.

கொடையன்று மத்தியானம் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துக்கொண்டு போனேன். செல்லூரில் மீசைக்காரர் பெட்டியோடு ஏறினார். ரயிலடியில் தங்கப்பல் ஏறினார்.

"இவரு யாரு?" என்று கேட்டார் மீசைக்காரர்.

"ராஜபார்ட்டுண்ணே."

"அப்ப நான் யாரு?"

"நீங்களும் ராஜபார்ட்டுதாண்ணே."

இருவரும் ஒருத்தரையொருத்தர் பார்த்த பார்வையில் மாடே நின்றுவிட்டது. (வேடிக்கை பார்க்கிற மாடு.) மூன்றாவது ராஜா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊருக்குப் பாதி வழி வந்த பிறகுதான் தங்கப்பல் வாய் திறந்தார்.

"தம்பி, ராணி எங்க?"

"நீங்க கூட்டிட்டு வரலையாண்ணே?"

"நான் எதுக்குய்யா கூட்டிட்டு வரணும்? இதென்ன கம்பெனி நாடகமா, ஒரு முதலாளி எல்லாரையும் கொட்டாயோட கட்டிக்கிட்டு வாரதுக்கு? இது ஸ்பெஷல் நாடகம். ராஜாவ ஒரு வீட்டுல போய்ப் பேசணும், ராணிய ஒரு வீட்டுல, பபூன ஒரு வீட்டுல. ஆர்மோனியமும் மிருதங்கமுங்கூடத் தனித்தனியாப் பேசணும். நாங்க அவங்கவங்களா வந்து மேடையிலதான் ஒண்ணு சேருவோம். ஆர்மோனியமாவது பேசுனியா?"

மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டேன். வண்டி தானாகப் போனது. கொஞ்ச தூரம் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா, பேச்சி, நாலாவது படித்த கடைக்காரன் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். திரும்பிப் போய் ஆள் பிடிக்க நேரமில்லை, பொழுது சாய்ந்துவிட்டது. மூன்று ராஜாக்களும் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

நாடகம் தொடங்கியது. ஆர்மோனியத்துக்குப் பதில் கோயில் நாயனக்காரரை உட்காரவைத்தேன். அவர் மதியத்திலிருந்து ஊதி, கன்னம் ஒட்டிப்போய் இருந்தார். மீசைக்கார ராஜா பாடிக்கொண்டு வந்தார், கூட்டம் கைதட்டியது. தங்கப்பல் ராஜா வந்தார். பகை ராஜா போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். குட்டை ராஜாவும் கிரீடத்தோடு வந்து நின்றபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எல்லாரும் ராசாவா வந்தா எவன்டா ஏர் ஓட்டுறது?"

பக்கத்து ஊர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். பெண்கள் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். முன்வரிசையில் மாமா திரும்பி என்னைத் தேடினார். நான் மேடைக்குக் கீழே, மூங்கில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தங்கப்பல் ராஜா ஒரு அதட்டுப் போட்டார். "நிறுத்துங்கள். மூன்று தேசத்து மன்னர்கள் இங்கே கூடியிருப்பது விளையாட்டுக்கு அல்ல, ஒரு வழக்கை விசாரிக்க. யாரங்கே? அந்த வண்டிக்காரனைச் சபைக்கு இழுத்து வா."

சேவகன் யாரும் இல்லாததால் குட்டை ராஜாவே கிரீடத்தோடு இறங்கி வந்து என்னை இழுத்துப் போனார். சுருட்டின பாய்கள் மறுபடி விரிந்தன.

"அடேய் வண்டிக்காரா, ஸ்பெஷல் என்றால் என்ன? சபைக்குச் சொல்."

கையைக் கட்டிக்கொண்டேன். "தோசைல நெய் கூட ஊத்துவாகய்யா. ரயில்ல கூட்டம் கூட வருமுங்க."

"ஆக, ஒரு ராஜா சாதா, மூன்று ராஜா ஸ்பெஷல்?"

"ஆமாங்கய்யா."

"ராணி?"

"ராசா வந்தா கூடவே வந்துருவாகன்னு நெனச்சேனுங்க."

தங்கப்பல் ராஜா சபையைப் பார்த்தார். "என் பெண்டாட்டி எட்டு வருஷமாய் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நான் போய்க் கூப்பிட்டே வரவில்லை." கூட்டம் சிரித்து உருண்டது. நாயனக்காரர் சிரித்த சிரிப்பு நாயனத்துக்குள் போய் ஆடு மாதிரி கத்தியது.

"உன்னை அனுப்பியது யார்?"

பயத்தில் மாமாவைக் கைகாட்டிவிட்டேன். குட்டை ராஜா போய் அவரையும் கூட்டி வந்தார். புது வேட்டியும் சரிகைத் துண்டுமாக மாமா என் பக்கத்தில் நின்றார்.

"பெரியவரே, ஸ்பெஷல் என்றால் என்னவென்று உமக்காவது தெரியுமா?"

மாமா தொண்டையைச் செருமினார். துண்டை உதறினார். என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் தரையைப் பார்த்தேன். ஊரே காத்திருந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"நெய்யி… கொஞ்சம் கூட ஊத்துவாக."

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மூன்று ராஜாக்களும் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். மீசைக்காரர் தீர்ப்புச் சொன்னார்.

"தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்ட குற்றம் இரண்டு பேருக்கும் பொது. இப்படிப்பட்ட ஜோடியைப் பிரிப்பது பாவம். மகளைக் கொடுத்து, மாமனும் மருமகனுமாய்க் காலம் முழுக்க ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளும்படி உத்தரவு."

மறுநாள் காலையில் மாமா வந்தார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை.

"நாடகத்துல சொன்ன தீர்ப்பெல்லாம் செல்லாது, தெரிஞ்சுக்க. ஆனா ஒன்ன வெளிய விட்டா அந்த நெய்க் கதைய ஊரூராச் சொல்லுவ. வீட்டோட கெட."

கல்யாணத்தில் சமையல்காரரிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "இந்தாருப்பா, எதுவும் ஸ்பெஷலா வேணாம். எல்லாஞ் சாதாவாவே இருக்கட்டும்."

எங்கள் ஊருக்கு 'மூணு ராஜா ஊர்' என்று பேர் வந்ததும், சுத்துப்பட்டில் எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பெண் கேட்டுப் போனால் "ராணி உண்டா?" என்று கேட்டதும் தனிக்கதை.

போன வருஷம் எனக்குக் கண்ணில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நர்சு வந்து, "தாத்தாவுக்கு ஸ்பெஷல் வார்டு போட்டிருக்கோம்" என்றாள். பேரன் பேத்திகள் உட்பட எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சி மட்டும் சிரிக்காமல், என் கையைப் பிடித்துக்கொண்டு நர்சிடம் கேட்டாள்:

"ஏம்மா, அதுல கட்டிலத் தனியா, டாக்டரத் தனியாப் போய்ப் பேசணுமா, இல்ல ஒண்ணா வந்துருவாகளா? மொதல்லயே சொல்லிரு தாயி. இவருகிட்ட விட்டா மூணு டாக்டரக் கூட்டியாந்துட்டுக் கட்டிலுக்கு முழிப்பாரு."